1929: பொய் சொல்லத் தெரிந்தவர்களின் வருஷம்

முதல் உலகப்போர் முடிந்தது 1918 நவம்பர் 11. இரண்டாவது தொடங்கியது 1939 செப்டம்பர் 1. இரண்டுக்கும் நட்டநடுவில் ஒரு கோடு கிழித்தால் அது 1929 ஏப்ரலில் போய் விழும். அப்போது உயிரோடிருந்த யாருக்கும் அது நடு என்று தெரிய வழியில்லை, அவர்களைப் பொறுத்தவரை போர் முடிந்துபோன கதை. அந்த ஒரு வருஷத்தில் வந்த புத்தகங்களை எழுதியவர்கள் பெயரை மட்டும் சொல்கிறேன்: ரெமார்க், ஹெமிங்வே, ராபர்ட் கிரேவ்ஸ், ரிச்சர்ட் ஆல்டிங்டன், ஃபாக்னர், வர்ஜீனியா வுல்ஃப், ஆல்ஃப்ரெட் டோப்ளின், டாஷியல் ஹாமெட். இந்தப் பக்கம் வங்காளத்தில் விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி' புத்தகமாக வந்ததும் அதே வருஷம்தான். நவீன இலக்கியம் என்று பேச்செடுத்தாலே 'யுலிஸஸ்', 'தி வேஸ்ட் லேண்ட்' வந்த 1922-ஐச் சொல்லி ஜாய்ஸையும் எலியட்டையும் இழுத்துக்கொண்டு வருவார்கள். எனக்கு 1922 மேல் மரியாதை உண்டு, ஆனால் பிரியமெல்லாம் 1929 மேல்தான்.

காரணம் சொன்னால் கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும். போர் இலக்கியம் என்றால் 'அங்கே இருந்தவன் சொன்னது' என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் அந்த வகையின் பெரிய புத்தகங்கள் குவிந்த இந்த வருஷத்தை நெருங்கிப் பார்த்தால், எழுதியவர்களில் பாதிப் பேர் சொன்ன இடத்தில் இருந்ததில்லை, இருந்தவர்கள் சொன்னதில் பாதி நடக்கவில்லை. அதைவிட வேடிக்கை, இவர்களை மாதிரி ஆட்களைப் பிடிப்பதற்கென்றே ஒருவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கணக்கெடுத்து, அதே 1929-இல் பாரிஸில் ஒரு தடிப் புத்தகம் போட்டார். அவரிடம் பிறகு வருகிறேன்.

ரெமார்க்கிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அந்த வருஷத்தையே தொடங்கிவைத்தவர் அவர்தான். ஓஸ்னாப்ரூக்கில் 1898-இல் பிறந்தவர். பதினெட்டு வயதில் கட்டாய ராணுவச் சேவை, 1917 ஜூனில் மேற்கு முனைக்கு வருகிறார், ஜூலை 31-ஆம் தேதி குண்டுச் சிதறல் பட்டு மருத்துவமனைக்குப் போகிறார். அவ்வளவுதான் அவருடைய போர். சில வாரங்கள். மிச்ச நாளெல்லாம் டூயிஸ்பர்கில் ஒரு ராணுவ மருத்துவமனையில் கழிந்தது, அங்கே பக்கத்துக் கட்டில்காரர்கள் சொன்ன கதைகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். போர் முடிந்தபின் பள்ளி ஆசிரியர், கல்லறைக் கல் விற்பவர், மனநோய் மருத்துவமனையின் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், டயர் கம்பெனிக்கு விளம்பரம் எழுதுபவர் என்று என்னென்னமோ வேலை பார்த்துவிட்டுக் கடைசியில் பெர்லினில் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் வந்து சேர்ந்தார். அந்த வேலை முடிந்த சாயங்காலங்களில் சில வாரங்களில் எழுதி முடித்ததுதான் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்'.

எஸ். ஃபிஷர் பதிப்பகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. போரைப் பற்றி இனி யார் படிப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. உல்ஷ்டைன் நிறுவனம் வாங்கி, 1928 நவம்பர் 10 முதல், அதாவது போர் முடிந்த பத்தாவது ஆண்டு நிறைவுக்கு முந்தைய நாளிலிருந்து, தன் நாளிதழில் தொடராகப் போட்டது. ஜனவரி கடைசியில் புத்தகம். ஒன்றரை வருஷத்தில் 22 மொழிகளில் 25 லட்சம் பிரதிகள். விளம்பரத்தில் உல்ஷ்டைன் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தது: இவர் எழுத்தாளரே இல்லை, மனதில் இருந்ததை இறக்கிவைத்த ஒரு சாதாரணச் சிப்பாய் என்று பரப்பியது. அதற்கு முன்பே அவர் நாவல் எழுதி வெளியிட்டிருந்த விஷயத்தைச் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

சரி, அந்தப் புத்தகத்தில் எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது ஒரு ஜோடி பூட்ஸ். கெம்மரிக் என்கிற பையன் மருத்துவமனையில் கிடக்கிறான். கால் விரல் வலிக்கிறது என்கிறான். அந்தக் காலையே வெட்டி எடுத்துவிட்டார்கள், அவனுக்குத்தான் தெரியாது. கட்டிலுக்குக் கீழே அவனுடைய பூட்ஸ், ஓர் ஆங்கில விமானியிடமிருந்து கிடைத்தது, மெத்தென்ற மஞ்சள் தோல், முழங்கால் வரை உயரம், மேலிருந்து கீழ்வரை கயிறு கட்டுவது. பார்க்க வந்த நண்பன் மியூலருக்கு அதன்மேல் கண். உனக்குத்தான் இனி உபயோகமில்லையே, கொடுத்துவிடேன் என்று பட்டும்படாமலும் கேட்டுப் பார்க்கிறான். படிக்கிற நமக்கு அவன் மேல் எரிச்சல் வருகிறது, இரண்டு பக்கம் தள்ளிப் படித்தால் அந்த எரிச்சல் போய்விடுகிறது. மியூலர் கெட்டவன் இல்லை. கெம்மரிக்குக்கு அந்த பூட்ஸ் இன்னும் உபயோகப்படும் என்றிருந்தால், வெறுங்காலோடு முள்கம்பிமேல் நடந்தாலும் நடப்பானே தவிர அதைக் கேட்டிருக்க மாட்டான். உபயோகமில்லை என்று ஆனபிறகு, நல்ல பூட்ஸ் நல்ல பூட்ஸ்தான். கெம்மரிக் செத்ததும் பூட்ஸ் மியூலருக்கு வருகிறது. மியூலருக்கு வயிற்றில் குண்டு பட்டதும் கதைசொல்லி பாலுக்கு வருகிறது. தனக்குப்பின் யாருக்கு என்பதையும் பால் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுகிறான். இந்த பூட்ஸ் நிஜத்தில் இருந்ததா, எந்தப் படைப்பிரிவில், எந்தத் தேதியில் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. ஆனால் எந்த ராணுவ ஆவணத்தையும்விட அந்தப் போரில் உயிர் எப்படிக் கைமாறியது என்பதை எனக்குச் சொன்னது இந்தத் தோல்தான்.

ஹெமிங்வே கதை இன்னும் துணிச்சலானது. 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் உயிர்நாடி என்று எல்லோரும் சொல்வது கபொரெத்தோவிலிருந்து இத்தாலியப் படை பின்வாங்கும் பகுதி. மழை, சேறு, அசையாமல் நிற்கும் வண்டிகள், பாலத்தில் அதிகாரிகளைப் பிடித்து விசாரித்துச் சுட்டுக்கொல்லும் ராணுவப் போலீஸ், ஆற்றில் குதித்துத் தப்பிக்கும் நாயகன். நடந்தது 1917 அக்டோபரில். அந்த மாதம் ஹெமிங்வே அமெரிக்காவில், கான்சஸ் சிட்டியில், ஒரு நாளிதழில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையன். இத்தாலிக்கு வந்ததே 1918 ஜூனில், அதுவும் செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் ஓட்ட. ஜூலை 8-ஆம் தேதி ஃபொஸால்தாவில் சிப்பாய்களுக்கு சாக்லேட்டும் சிகரெட்டும் கொடுக்கப்போன இடத்தில் எறிகுண்டு விழுந்து கால் போகப் பார்த்தது. அடிபட்டது நிஜம், மிலான் மருத்துவமனை நிஜம், நர்ஸ் மேல் காதல் நிஜம். கபொரெத்தோ மட்டும் வரைபடமும் படித்ததும் கேட்டதும் சேர்த்துச் செய்தது. அந்த நாவலில் வீரம், தியாகம் மாதிரி சொற்களைக் கேட்டால் கூச்சமாக இருக்கிறது, ஊர்ப்பெயர்களுக்கு மட்டும்தான் இன்னும் மரியாதை மிச்சமிருக்கிறது என்று நாயகன் நினைக்கிற இடம் ஒன்று வரும். தான் போகாத ஊர்களின் பெயரை வைத்துக்கொண்டு அப்படி எழுத எவ்வளவு தைரியம் வேண்டும்! கடைசிப் பக்கத்தை 39 தடவை மாற்றி எழுதியதாகப் பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். அதுவும் பொய்தான், கையெழுத்துப் படிகளை எண்ணியவர்கள் 47 முடிவுகள் என்கிறார்கள். குறைத்துச் சொன்ன பொய், அவருடைய வாழ்க்கையில் அபூர்வம்.

ஃபாக்னர் இந்த வரிசையில் உச்சம். 1918-இல் கனடாவில் விமானப்படைப் பயிற்சியில் சேர்ந்தார், பயிற்சி முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியவர் அதிகாரி உடுப்பு மாட்டிக்கொண்டு, கையில் பிரம்போடு, போரில் அடிபட்டவர் மாதிரி நொண்டி நொண்டி நடந்தார். தலைக்குள் வெள்ளித் தகடு இருக்கிறது என்று வேறு நியூ ஆர்லியன்ஸில் கதைவிட்டார். 1929 ஜனவரியில் வந்த அவருடைய 'சார்ட்டோரிஸ்' போரிலிருந்து திரும்பிய விமானியின் கதை, அதாவது அந்த நொண்டலின் எழுத்து வடிவம். என் கணிப்பில் சுமாரான நாவல். அதே வருஷம் அக்டோபரில் 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' வருகிறது, முதல் பதிப்பு 1,789 பிரதிகள். அதன் முதல் பகுதியைச் சொல்பவன் பெஞ்சி, முப்பத்துமூன்று வயது, மூளை குழந்தையோடு நின்றுவிட்டவன், நேற்றும் இன்றும் வேறுவேறு என்று தெரியாதவன். ஊரையே ஏமாற்றிக்கொண்டிருந்த ஒருவர், பொய் என்றால் என்னவென்றே அறியாத ஒருத்தனின் வாயில் கதையைக் கொடுக்கிறார். ஒன்பது மாத இடைவெளியில் ஓர் ஆள் இவ்வளவு தூரம் தாண்டியதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ராபர்ட் கிரேவ்ஸ் நிஜமாகவே அங்கே இருந்தவர். 1916 ஜூலையில் சொம் சண்டையில் அடிபட்டு, செத்துவிட்டார் என்று வீட்டுக்குக் கடிதமே போய்விட்டது, அப்புறம் உயிரோடுதான் இருக்கிறார் என்று 'தி டைம்ஸ்' திருத்தம் போட்டது. 1929 நவம்பரில் வந்த அவருடைய சுயசரிதை 'குட்பை டு ஆல் தட்', பணத்தேவையில், சில மாதங்களில், இங்கிலாந்தை விட்டே கிளம்பும் அவசரத்தில் எழுதப்பட்டது. அதில் ஓர் இடம்: இயந்திரத் துப்பாக்கியின் குழாய் சூடாகாமலிருக்கச் சுற்றிலும் தண்ணீர் ஊற்றிவைப்பார்கள், சுடச்சுட அது கொதிக்கும். அந்தக் கொதிநீரில் டீ போடுவதற்காகவே சிப்பாய்கள் எதிரே யாருமில்லாமல் சரம் சரமாகத் தோட்டாவைச் சுட்டுத் தீர்ப்பார்களாம். இது எவ்வளவு நிஜம் என்று எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகம் எனக்கு மட்டுமில்லை. கூடவே போரில் இருந்த கவிஞர்கள் சசூனும் எட்மண்ட் பிளண்டனும் கொதித்துப்போய், ஒரு பிரதியை எடுத்து ஓரமெல்லாம் மறுப்பும் திட்டுமாக எழுதி நிரப்பினார்கள். சசூன் ஆட்சேபித்ததால் அச்சான புத்தகத்திலிருந்து சில பகுதிகளைக் கடைசி நேரத்தில் எடுக்க வேண்டிவந்தது. கிரேவ்ஸ் அசரவில்லை. அடுத்த வருஷமே எழுதினார்: பதுங்குகுழியின் மோசமான பகுதியை அனுபவித்த ஒருவனுடைய நினைவுக்குறிப்பில் கணிசமான அளவு பொய் இல்லையென்றால் அது உண்மையாக இருக்க முடியாது. இது தப்பித்துக்கொள்ளச் சொன்ன சால்ஜாப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். இரவெல்லாம் குண்டுச்சத்தத்தில் தூங்காமல் கிடந்தவனுடைய ஞாபகம் எப்படித் தேதிவாரியாக இருக்கும் என்று யோசித்தால் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை.

இந்தப் பொய்களையெல்லாம் பதிப்பாளர்கள் கண்டுகொள்ளவே இல்லை, அவர்கள் வெட்டியதெல்லாம் உண்மையைத்தான். ரெமார்க்கில் மூன்று நண்பர்கள் வெட்டவெளியில் பெட்டிகளைப் போட்டு மலங்கழிக்க உட்கார்ந்துகொண்டு சாவகாசமாகச் சீட்டாடும் காட்சி வருகிறது, புத்தகத்திலேயே சந்தோஷமான பக்கங்கள் அவை. அமெரிக்கப் பதிப்பில் அந்தக் காட்சி இல்லை. ஹெமிங்வேயின் நாவல் தொடராக வந்தபோது பாஸ்டன் போலீஸ் அந்தப் பத்திரிகையின் ஜூன் இதழுக்குத் தடை போட்டது. ஆல்டிங்டன் தன் நாவலில் வெட்டச் சொன்ன இடங்களையெல்லாம் மழுப்பி எழுத மறுத்து, இங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று வாசகனுக்குத் தெரியட்டும் என்று நட்சத்திரக் குறிகளாகவே போடவைத்தார். ஃப்ரெடெரிக் மேனிங் என்ற ஆஸ்திரேலியர் சிப்பாய்களின் கெட்டவார்த்தைகளை அப்படியே வைத்து ஒரு நாவல் எழுதினார். அது பெயர் போடாமல், சந்தாதாரர்களுக்கு மட்டும், சில நூறு பிரதிகளே அச்சாயிற்று. அடுத்த வருஷப் பொதுப்பதிப்பில் வார்த்தைகளைக் கழுவித்தான் விட்டார்கள்.

டோப்ளினின் 'பெர்லின் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ்' பற்றி நாலு வரியில் சொல்வது அநியாயம், இருந்தாலும் சொல்கிறேன். ரெமார்க்கைத் திருப்பி அனுப்பிய அதே ஃபிஷர்தான் இதை வெளியிட்டது. டோப்ளின் நரம்பியல், மனநல மருத்துவர், போரில் ராணுவ டாக்டராக இருந்தவர். சிறையிலிருந்து வெளியே வந்து 41-ஆம் நம்பர் டிராம் பிடிக்கும் பீபர்கோஃப் என்கிற முன்னாள் சிப்பாய் முழுக் கற்பனை. அவனைச் சுற்றி ஒட்டிவைத்திருக்கிற வானிலை அறிக்கை, விளம்பரம், டிராம் நிறுத்தங்கள், கசாப்புக்கூடத்துப் புள்ளிவிவரம் எல்லாம் நிஜத்திலிருந்து எடுத்தவை. பிழைப்புக்காக அவன் கையில் ஸ்வஸ்திகா பட்டி கட்டிக்கொண்டு நாஜிப் பத்திரிகை விற்கிற பக்கங்களை இன்று படித்தால் அடிவயிற்றில் என்னவோ செய்கிறது. அந்த வருஷ நோபல் தாமஸ் மன்னுக்குப் போனது, அதுவும் 1901-இல் வந்த நாவலை முன்னிட்டு. ஸ்வீடன் அகாதெமி எப்போதுமே கொஞ்சம் நிதானம்தான்.

அப்புறம் வுல்ஃப். 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' வெளியான தேதி 1929 அக்டோபர் 24. நியூயார்க் பங்குச்சந்தை சரிய ஆரம்பித்த கறுப்பு வியாழன் அதே நாள். ஒரு பெண் எழுத வேண்டுமென்றால் வருஷத்துக்கு 500 பவுண்டும் தனியறையும் வேண்டும் என்று சொல்லும் புத்தகம், உலகத்துப் பணமெல்லாம் ஆவியாகத் தொடங்கிய நாளில் கடைக்கு வந்தது. அதன் தொடக்கத்திலேயே வுல்ஃப் நேராகச் சொல்லிவிடுகிறார்: நான் என்று இங்கே பேசுவது நிஜ ஆள் இல்லை, என் வாயிலிருந்து பொய்கள் வரும், அதில் கொஞ்சம் உண்மை கலந்திருந்தாலும் இருக்கலாம், தேடி எடுத்துக்கொள்வது உங்கள் வேலை. சொன்னபடியே செய்கிறார். அந்த 500 பவுண்டு ஓர் அத்தை விட்டுப்போனது, அந்த அத்தை பம்பாயில் காற்று வாங்க குதிரை சவாரி போனபோது விழுந்து செத்தாள் என்கிறார். நிஜத்தில் வுல்ஃபுக்குப் பணம் விட்டுப்போன அத்தை கேம்பிரிட்ஜில் அடக்க ஒடுக்கமாக வாழ்ந்து 1909-இல் இறந்தவர், விட்டுப்போனது 2,500 பவுண்டு. ஒரே வாக்கியத்தில் பம்பாய், குதிரை, வருமானம் மூன்றையும் வைத்ததால் இங்கிலாந்தின் சௌகரியமெல்லாம் எங்கிருந்து வந்தது என்பதும் சேர்ந்து வந்துவிட்டது. அவர் அதை வேண்டுமென்றேதான் வைத்தார் என்று நான் நம்புகிறேன். அதே புத்தகத்தில், பெண்களும் ஆண்களும் பேசும் பேச்சுக்கு அடியில் முன்பு ஒரு முனகல் மாதிரி பாட்டு ஓடிக்கொண்டிருந்ததே, இப்போது ஏன் காணோம் என்று கேட்டு, 1914 ஆகஸ்டில் பீரங்கி வெடித்தபோது செத்துப்போனதா என்று ஒரு பத்தி போகும். போரைப் பற்றி இல்லாத புத்தகம் என்று எல்லோரும் நினைக்கிற புத்தகத்தில்!

விபூதிபூஷண் பாகல்பூரில் எஸ்டேட் வேலையில் இருந்துகொண்டு எழுதியவர். 'பதேர் பாஞ்சாலி' பெரும்பாலும் அவர் சொந்தக் கதை. ஆனால் முதலில் எழுதியதில் நாயகன் அப்புவின் அக்கா துர்கா கிடையாது. காற்றில் தலைமுடி பறக்க நின்ற ஒரு சின்னப் பெண்ணைப் பாகல்பூரில் பார்த்து, அவளுக்காக முழுவதையும் திருப்பி எழுதினார் என்பார்கள். துர்கா இல்லாத பதேர் பாஞ்சாலியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரம் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார், கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

இப்போது பாரிஸ்காரர். ஜான் நார்ட்டன் க்ரூ, பிரெஞ்சுக்காரர், வெர்தன் உட்பட முன்னணிப் பதுங்குகுழிகளில் கிடந்தவர், பிறகு அமெரிக்காவில் கல்லூரி ஆசிரியர். போரைப் பற்றி பிரெஞ்சில் வந்த புத்தகங்களையெல்லாம் திரட்டி, 'தெமுவேன்' (சாட்சிகள்) என்று 700 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் போட்டார். சுமார் 250 பேர் எழுதிய 300 புத்தகங்கள். ஒவ்வொருவரும் எந்தப் படைப்பிரிவு, எப்போது முனையில் இருந்தார், எப்போது பின்னால் போனார் என்று பார்த்து, ஆறு தரமாகப் பிரித்து மார்க் போட்டார். துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்திக்கொண்டு சண்டை போட்டதாக எழுதியவனா, நீ பார்த்திருக்க வாய்ப்பில்லை. பிணக்குவியல், ரத்த ஆறு, அதெல்லாம் கதை. பிரான்ஸின் பெரிய இலக்கியப் பரிசான கொன்கூர் வாங்கிய பார்புஸ், புகழின் உச்சியிலிருந்த தொர்ஜலெஸ் என்ற இரண்டு நாவலாசிரியர்களையும் கீழே தள்ளினார். வெர்தன் அருகே பெரிய நினைவுச்சின்னமே கட்டிவிட்ட 'கத்திமுனைப் பதுங்குகுழி', நின்றபடியே மண் மூடிச் செத்த வீரர்களின் துப்பாக்கிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன என்ற கதையையும் உடைத்தார்: பிணங்களைப் புதைத்த இடத்துக்கு அடையாளமாக நட்ட துப்பாக்கிகள் அவை. பெரும்பாலும் அவர் சொன்னது சரி. போரைப் பற்றிய பொய்தான் அடுத்த தலைமுறையை அடுத்த போருக்கு அனுப்புகிறது என்பது அவர் பயம், அதையும் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் அவர் முதல்தரம் கொடுத்தவர்களில் எத்தனை பேரை இன்று படிக்கிறோம்? ஆராய்ச்சியாளர்கள் படிக்கிறார்கள்.

க்ரூவை நினைக்கும்போதெல்லாம் இந்தியில் குலேரி எழுதிய 'உஸ்னே கஹா தா' ஞாபகம் வரும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கடல் தாண்டிப் போன போர் அது. சென்னைக்காரர்களான நமக்கு அதில் மிஞ்சியது எம்டன் குண்டு போட்ட கதை. குலேரி இந்தக் கதையை எழுதியது 1915-இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே. அஜ்மீரில் ஆசிரியராக இருந்த சம்ஸ்கிருத அறிஞர், ஐரோப்பாவை எட்டிப் பார்த்ததில்லை. கதையில் ஆங்கில லெப்டினன்ட் உடுப்பில் ஒரு ஜெர்மன்காரன் சீக்கியர்களின் பதுங்குகுழிக்குள் வந்துவிடுகிறான். லேனா சிங் என்கிற சீக்கியச் சிப்பாய்க்கு உறைக்கிறது: நம்ம துரை சீக்கியனுக்கு சிகரெட் நீட்டுவாரா? பழைய வேட்டைக் கதையை எடுத்து நீல்காய் மானுக்கு இரண்டு அடிக்கு மேல் கொம்பு என்று அளந்துவிட, அவன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி மாட்டிக்கொள்கிறான். க்ரூ செய்த வேலையைத்தான் லேனா சிங் செய்கிறான், ஆனால் அவனைப் படைத்தவரே க்ரூவின் தராசில் ஒரு நொடி நிற்க மாட்டார்.

இதெல்லாம் இலக்கியச் சண்டையாகவே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'நீ அங்கே இல்லை' என்கிற கேள்வியை நாஜிகளும் கையில் எடுத்தார்கள், அவர்களுக்கு உண்மையெல்லாம் வேண்டியதில்லை. ரெமார்க் போருக்கே போகவில்லை என்றார்கள், அவர் நிஜப்பெயர் கிராமர், யூதர் என்றார்கள், Remark என்ற அவருடைய குடும்பப் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப்போட்டுச் (Kramer) செய்த புரளி. 1930 டிசம்பரில் அந்த நாவலின் திரைப்படம் பெர்லினில் ஓடியபோது நாஜிப் பிரசாரத் தலைவர் கெபல்ஸின் ஆட்கள் அரங்குக்குள் நாற்றக்குண்டு வீசி வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டார்கள். 1933 மே மாதம் எரித்த புத்தகங்களில் அவருடையதும் உண்டு, உலகப்போர்ச் சிப்பாய்களுக்குச் செய்த துரோகம் என்று சொல்லிப் போட்டார்கள். அவர் தப்பித்துவிட்டார். தங்கை எல்ஃப்ரீடே தப்பவில்லை. போரில் ஜெர்மனி தோற்றுவிட்டது என்று பேசியதற்காக 1943 டிசம்பரில் தலையை வெட்டினார்கள், உன் அண்ணன் தப்பிவிட்டான், நீ தப்ப முடியாது என்று நீதிபதி சொன்னதாகப் பதிவு.

1952-இல் ரெமார்க் 'ஸ்பார்க் ஆஃப் லைஃப்' என்றொரு நாவல் வெளியிட்டு அவளுக்குச் சமர்ப்பித்தார், ஜெர்மன் பதிப்பில் அந்தச் சமர்ப்பணம் இல்லை. கதை நடப்பது நாஜி வதைமுகாமுக்குள். அவர் எந்த முகாமிலும் இருந்ததில்லை, ஆகவே அதே பழைய கேள்வி மறுபடி வந்தது. 1929 நாவலின் பக்கத்தில் அதை வைக்க என்னால் முடியாது. அவர் அங்கே இல்லாதது அதற்குக் காரணமில்லை. பாத்திரங்கள் உட்கார்ந்து அரசியல் விவாதம் செய்யும் பக்கங்கள் அதில் அதிகம், அவற்றைத் தள்ளிவிட்டு 509 என்று எண்ணால் மட்டுமே அழைக்கப்படும் கைதி வரும் பக்கங்களைப் படியுங்கள்.